சங்கிலி வாள் வாங்குமுன் சிந்திப்போம்
(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவு)



2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் பொழுது விடியுமுன் கஜா புயல் வேதாரண்யத்திற்கு அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் ஒரு தலைமுறை பாடுபட்டு வளர்த்த தென்னந்தோப்புகள் ஓர் இரவில் சாய்ந்தன. பாதையில் விழுந்து கிடந்த மரங்களை அறுத்து அகற்றிய பின்னரே பல ஊர்களுக்கு உதவி வந்து சேர முடிந்தது. கோடரியையும் கைவாளையும் மட்டும் நம்பி இவ்வேலையில் இறங்கினால் எத்துணை நாள் பிடிக்கும் என்பதை அப்போது நாம் கண்கூடாகக் கண்டோம்.

அதன் பின்னர், கடைத்தெருவில் ‘செயின்சா’ என்று வழங்கும் சங்கிலி வாளைப் பற்றிக் கேட்போர் மிகுந்துவிட்டனர். வேலியோரத்துக் கருவேலத்தை வெட்டவும், வீட்டின் மேல் சாய்ந்த வேப்பங்கிளையைக் கழிக்கவும், அடுப்புக்கு விறகு துண்டு போடவும், ஆண்டில் நாலைந்து நாள் மட்டும் வேலை உள்ள குடும்பம் எத்தகைய வாளை வாங்குவது சிக்கனம் என்பதே அவர்களுடைய கேள்வி. அதற்கு விடை கூறுவதே இன்றைய நமது நோக்கம்.

முதலாவதாக, நமக்கு உள்ள வேலையை அளந்து பார்க்க வேண்டும். கடையில் 22 அங்குலத் தகடும் 58 சி.சி. இயந்திரமும் கொண்ட வாள் ஒன்று குறைந்த விலைக்குக் கண்ணில் படும். ‘பெரிய வாளாயிற்றே, விலையும் மலிவாயிற்றே’ என்று பலர் மயங்கி வாங்கி விடுகின்றனர். ஆனால் நம் வேலியில் நிற்கும் சீமைக் கருவேலத்தின் தண்டு பெரும்பாலும் ஒரு சாண் பருமனுக்கு உட்பட்டது. அறுக்க வேண்டிய மரத்தின் குறுக்களவைவிடத் தகடு இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் போதுமானது. ஆகவே கிளை கழிக்கவும் விறகு துண்டு போடவும் 12 அல்லது 14 அங்குலத் தகடும், 30 சி.சி. அளவுள்ள இயந்திரமும் போதும். தென்னை, வேம்பு முதலியவற்றின் அடிமரத்தையும் அவ்வப்போது அறுக்க வேண்டியிருப்பின் 16 அங்குலத் தகடும் 40 சி.சி. இயந்திரமும் ஏற்றவை. அதற்கும் பெரிய மரம் ஆண்டுக்கு ஒன்று வருமாயின், அதனைத் தொழில் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. தேவைக்கு மீறிய வாள் கனமானது. கனத்தால் கை சோரும். கை சோர்ந்த வேளையில்தான் விபத்து நேருகிறது.

நம் மரங்களின் இயல்பையும் மறந்துவிடலாகாது. வேம்புக்கும் புளிக்கும் வைரம் உள்ளே இருக்கிறது. பனைக்கும் தென்னைக்கும் வெளிப்புறமே கடினமானது. ஆகவே பனையையோ தென்னையையோ அறுக்கத் தொடங்கும்போதே சங்கிலியின் பல் சோதனைக்கு உள்ளாகிறது. கூரற்ற சங்கிலி இருந்தால் எவ்வளவு ஆற்றல் உள்ள இயந்திரமும் பயன்படாது.

இரண்டாவதாக, எதனால் இயங்கும் வாள் வேண்டும் என்பது. வீட்டு முற்றத்திலும் கொல்லையிலும் மட்டுமே வேலை இருப்பின் மின்சார வாள் மலிவானது, புகை இல்லை, பராமரிப்பும் குறைவு. எனினும் மெல்லிய கம்பியை நீளமாக இழுத்து அதை ஓட்டினால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறிக் கெடும். ஈரத்தில் இதனை எடுக்கவே கூடாது. வீட்டில் மின்கசிவுத் தடுப்பான் பொருத்தியிருப்பதும் அவசியம். பாட்டரி வாள் கிளை கழிக்க மிகவும் வசதியானது. ஆயினும் பாட்டரியின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். வயலிலும் தோப்பிலும், மின்சாரம் நின்றுபோன புயற்காலத்திலும் உதவுவது பெட்ரோல் வாளே.

பெட்ரோல் வாளின் இயந்திரத்திற்குப் பெட்ரோலுடன் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டும். கலவையின் விகிதம் வாளுக்கு வாள் மாறுபடும். கையேட்டில் உள்ளபடியே செய்க. 50-க்கு 1 என்றிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றிருந்தால் 40 மில்லி. வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டிய இயந்திரம் சிறிது நேரத்தில் இறுகிப் போகும். இதனினும் பெரிய தவறு, வேலை முடிந்ததும் கலவையைத் தொட்டியில் விட்டு வைப்பது. இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை ஈர்க்கும். நாட்பட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். ஆண்டில் நாலு நாள் மட்டும் ஓடும் வாள் கெடுவது பெரும்பாலும் ஓடியதனால் அன்று, சும்மா கிடந்ததனாலேயே. எனவே தொட்டியை வடித்து, இயந்திரம் தானே நிற்கும்வரை ஓட்டிவிட்டுப் பரண் மேல் வையுங்கள்.

மூன்றாவதாக, விலைச் சீட்டில் காணாத செலவுகள் உண்டு. தகட்டுக்கு ஊற்றும் எண்ணெய், மாற்றுச் சங்கிலி, கூர் தீட்டும் உருண்டை அரம், பாதுகாப்பு உடை ஆகியவற்றையும் கூட்டியே விலை பேச வேண்டும். ‘இதற்குச் சங்கிலியும் உதிரிப் பாகமும் நம் ஊர்ச் சந்தையில் கிடைக்குமா? பழுது பார்ப்பவர் அருகில் உண்டா?’ என்று கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள். ‘இல்லை’ என்பது விடையானால், எவ்வளவு மலிவாயினும் அது நமக்குரிய வாள் அன்று. கூர் தீட்டவும் வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். அறுக்கும்போது சீவல் சீவலாக விழுந்தால் சங்கிலி கூராக உள்ளது. மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது. சங்கிலி ஒருமுறை மண்ணில் பட்டாலே மழுங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காவதாக, உயிர் பற்றியது. பெட்ரோல் வாளின் சங்கிலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தகட்டு நுனியின் மேற்பகுதி எதிலேனும் இடித்தால், கண் இமைக்கும் நேரத்தில் வாள் எகிறி முகத்தை நோக்கி வரும். இதனைத் தடுக்கவே முன்கைப்பிடிக்கு எதிரில் ஒரு காப்பும், அதனோடு இணைந்த சங்கிலி பிரேக்கும் அமைத்துள்ளனர். அவை இல்லாத வாளையும், பிரேக் சரிவர வேலை செய்யாத வாளையும் இனாமாகக் கொடுத்தாலும் ஏற்க வேண்டாம். எமது அண்டை ஊரில் ஓர் இளைஞர் ஏணியில் நின்றபடி ஒரு கையால் வாளைப் பிடித்துக் கிளையை அறுத்தார். வாள் நழுவித் தொடையில் ஆழமாக இறங்கியது. அவர் உயிர் பிழைத்தார்; ஆனால் அவ்வாண்டு ஏர் பிடிக்க அவரால் இயலவில்லை. வாள் வாங்கிய பணத்தைவிடப் பன்மடங்கு மருத்துவத்திற்குச் செலவாயிற்று. ஆகவே இரு கைகளாலும் பிடியுங்கள். தோளுக்கு மேலே தூக்காதீர்கள். ஏணியில் நின்று அறுக்காதீர்கள். தனியாக இருக்கும்போது வேலையைத் தொடங்காதீர்கள். தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, காலணி, தொடைக்காப்பு ஆகியவற்றை வாளோடு சேர்த்தே வாங்குங்கள். வேட்டியோடும் தொங்கும் துண்டோடும் இவ்வேலை ஆகாது. புயலில் சாய்ந்து வில்போல் வளைந்து நிற்கும் மரமும், மின்கம்பியைத் தொட்டிருக்கும் மரமும் புதியவர் கைவைக்கத் தக்கவை அல்ல.

இறுதியாக, ஊராட்சிப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாளின் விலை 12,000 ரூபாய் எனவும், அது ஐந்தாண்டு உழைக்கும் எனவும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நாலு நாள் எடுக்கும் குடும்பத்திற்கு, எண்ணெய்ச் செலவு நீங்கலாக, நாளொன்றுக்கு 600 ரூபாய் ஆகிறது. ஐந்து குடும்பங்கள் கூடி வாங்கினால் 120 ரூபாயே ஆகும். அதுவன்றிப் பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பில் வாள் இருப்பதால் பராமரிப்பும் சிறக்கும், விபத்தும் குறையும். உழவர் குழுவோ மகளிர் சுயஉதவிக் குழுவோ இம்முயற்சியை ஏற்றுக்கொள்ளலாம். புயற்காலத்தில் பாதையைத் திறக்க ஊருக்கென ஒரு வாளும் அதை இயக்கத் தெரிந்த இருவரும் ஆயத்தமாக இருப்பர். வாடகை இயந்திர மையங்களைப் பற்றியும் மானியங்களைப் பற்றியும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

வாள் கையில் வந்ததும் கண்ட மரத்தையெல்லாம் வெட்டத் தோன்றும். புறம்போக்கு மரம் ஊருக்குச் சொந்தம்; அனுமதியின்றித் தொடலாகாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. ஒரு மரத்தை அறுத்தால் இரண்டு கன்று நடுவோம்.

சிறியதாய், பழுது பார்க்கக் கூடியதாய், பாதுகாப்பு உடையதாய் உள்ள வாளைத் தேர்ந்தெடுங்கள். இயன்றால் கூடி வாங்குங்கள். மலிவான வாள் எது என்பதைவிட, அதை எடுத்துச் சென்றவர் மாலையில் நலமாக வீடு திரும்புவாரா என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.