கூகையின் குரல்



உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அரண்போல் நிற்கும் ஆனைமலைத் தொடரில் யானையைக் கண்டவர் பலர். அங்கு வாழும் காட்டுக் கொம்பன் ஆந்தையைக் கண்டவரோ மிகச் சிலர். பேராந்தையைப் பண்டைத் தமிழர் கூகை என்றனர். நம் நாட்டுக் கூகைகளுள் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. ஏறத்தாழ இரண்டடி நீளமுடையது. வெளிறிய வயிற்றில் கரும்புள்ளிகளும், கருமை தோய்ந்த பெரிய விழிகளும், மஞ்சள் நிற அலகும் இதன் அடையாளங்கள். தலையின் இருமருங்கும் சாய்ந்து நிற்பவை கொம்புமல்ல, காதுமல்ல. வெறும் இறகுக் கொத்துகளே. நேபாளத்தில் கிடைத்த இப்பறவையை 1836ஆம் ஆண்டில் ஹாட்சன் என்னும் ஆங்கிலேயர் அறிவியல் முறைப்படி விவரித்தார். இமயமலைச் சாரலில் வாழும் இது, இடையே நெடுந்தொலைவு காணப்படாமல், மீண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் காணப்படுகிறது.

பகலெல்லாம் அடர்ந்த மரக்கிளையில் அசைவற்றிருந்து, இருட்டியபின் இது வேட்டைக்குப் புறப்படும். கிளையில் உறங்கும் காட்டுக்கோழி, முயல், உடும்பு ஆகியவை இதன் இரை, மான்குட்டியையும் தாக்கவல்லது. ஆந்தையின் சிறகு விளிம்பில் சீப்பின் பற்களைப் போன்ற மெல்லிய இழைகள் உள்ளன. அவை காற்றின் ஒலியைத் தணிப்பதால், பகை வருவதை இரை அறியாது. விழிகளை உருட்டிப் பார்க்க இயலாத குறையைக் கழுத்து ஈடுசெய்கிறது. நமக்குக் கழுத்தெலும்புகள் 7, ஆந்தைக்கு 14.

இப்பறவையின் தாழ்ந்த இரட்டைக் குரல் காட்டில் நெடுந்தூரம் கேட்கும். சில வேளைகளில் ஒரு பெண் அழுவதுபோல ஓங்கித் தாழும் அலறலும் எழும். இலங்கையில் ‘உலமா’ என்று மக்கள் அஞ்சும் பேய்ப்பறவை இதுவே என்பது இயற்கையறிஞர் பலரின் கருத்து. அச்சம் நமக்கும் புதிதன்று. கூகைக் கோழியார் என்றே பெயர்பெற்ற சங்கப் புலவர் ஒருவர், முதுமரப் பொந்திலிருந்து கூகை குரலெழுப்பும் இடுகாட்டைப் புறநானூற்றில் பாடியிருக்கிறார். சாவை முன்னறிவிக்கும் குரல் என்ற எண்ணம் எங்ஙனம் வேரூன்றிற்று? நோயாளியின் அருகே நள்ளிரவில் விழித்திருப்பவர் செவியில் கூகையின் குரல் விழுகிறது. உறங்குபவர் செவியில் விழுவதில்லை. பிழைத்தெழுந்தவர் வீட்டில் கேட்ட குரலை எவரும் நினைவில் வைப்பதுமில்லை!

இந்த மூடநம்பிக்கைக்குப் பறவை தன் உயிரையே விலையாகக் கொடுக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். எனினும், தீபாவளியையொட்டி மாந்திரீகப் பலிக்காக ஆந்தைகள் களவாக விற்கப்படுவதை 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கை எடுத்துக்காட்டியது.

புலவர் பாட்டில் இடுகாட்டை மட்டும் நினைவிற்கொண்டு, முதுமரப் பொந்தை நாம் மறந்துவிட்டோம். அப்பொந்துதான் கூகையின் வீடு. பருந்தினம் கைவிட்ட கூட்டிலும், பாறைப் பிளவிலும் இது முட்டையிடுவதுண்டு. ஆயினும் பெருமரப் பொந்தே இதற்கு உகந்த இடம். பட்டமரம்தானே என்று விறகுக்கு வெட்டுகிறோம். இவ்வளவு பெரிய பறவை புகுந்து உறையத்தக்க பொந்து உண்டாக, மரம் பல தலைமுறை நின்றிருக்கவேண்டும். கூகையோ ஒரு பருவத்தில் இடுவது ஒரே ஒரு முட்டை.