தகுதியும் தவணையும்

(மாணவர் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொறியியல் கல்லூரியில் இடம் பெறுவதும், படிப்புக்கு உதவித்தொகை பெறுவதும் மாணவரும் பெற்றோரும் படவேண்டிய சொந்தக் கவலை. இதிலே அரசியல் பேச என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. இருக்கிறது, நிரம்ப இருக்கிறது. ஒரு நாட்டிலே பாலம் கட்டத் திட்டம் வரைபவர் யார், அந்தப் பாலத்துக்குக் கல் சுமப்பவர் யார் என்பதை முடிவு செய்யும் இடம் வாக்குச் சாவடி மட்டுமன்று. கல்லூரி அனுமதிப் பட்டியலுந்தான். அந்தப் பட்டியல் எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை அறியாதவர், சமுதாயத்தை அறிந்தவர் ஆகமாட்டார்.

"தகுதிக்கு இடம் கொடுங்கள்" என்கின்றனர். வேண்டாமென்று நாம் எங்கே சொன்னோம்? கணக்குத் தவறினால் பாலம் இடியும், அறிவோம். நாம் கேட்பது வேறு. தகுதியை அளக்கும் கோல் எது? அது யார் கையில் இருக்கிறது? பாதிப்பேரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே வந்தோரை மட்டும் அளந்து பார்த்து, "இவரே உயர்ந்தவர்" என்று உரைப்பது முறைதானா?

2024ஆம் ஆண்டில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சார்ந்தவர். இரண்டு முறைக்குமேல் எழுத முடியாத ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வை இரண்டாம் முறை எழுதி வென்றார். தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் பிரிவில் இடமும் ஒதுக்கப்பட்டது. இடத்தை உறுதி செய்யக் கட்டவேண்டிய தொகை ரூ.17,500. கடைசி நேரம் ஜூன் 24, மாலை 5 மணி. பணத்தைத் திரட்டி, இணையத்தில் கட்டி முடிப்பதற்குள் மணி ஐந்து ஆகிவிட்டது. இடம் போயிற்று!

அந்த இளைஞர் நீதிமன்றப் படிகளை ஏறினார். அவ்வாண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. ஆதலால், சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்தார். இறுதியில் உச்சநீதிமன்றம், செப்டம்பர் 30 அன்று, அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவு தரும் தனி அதிகாரத்தைக் கொண்டு, மற்ற எவருடைய இடத்துக்கும் குறை வராமல், கூடுதல் இடம் ஒன்றை உண்டாக்கி, அதே கல்லூரியில் அவரைச் சேர்க்க ஆணையிட்டது.

மகிழ்கிறோம், நீதியை வாழ்த்துகிறோம். ஆனால் சிந்தியுங்கள். ஐந்து மணிக்கு முன்பு தகுதி பெற்றிருந்தவர், ஐந்து மணிக்குப் பின்பு தகுதி இழந்துவிட்டாரா? அவர் கற்ற கணிதம் குறைந்ததா? பௌதிகம் பறந்ததா? குறைந்தது பணம், பறந்தது நேரம். உச்சநீதிமன்றம் வரை ஏறிய ஒருவரை நாடு அறிந்தது. உள்ளூரிலேயே மனம் உடைந்து, கூலி வேலைக்குத் திரும்பியவர்களை யார் அறிவார்?

பணம் தகுதியைத் தீர்மானிக்கும் கதை புதிதன்று. 1794ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். அவ்வாண்டிலே சென்னையில், எட்டு மாணவர்களோடு, நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கிற்று. அதுவே வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. அதே 1794இல் பாரிஸ் நகரில், பிரெஞ்சுப் புரட்சி அரசு ஒரு கல்லூரியை நிறுவியது. எக்கோல் பாலிடெக்னிக் என்று பின்னர் பெயர் பெற்றது அது. பிறப்பைக் கேட்கவில்லை, போட்டித் தேர்வு வைத்தது. அத்துடன் நிற்கவில்லை, சேர்ந்த மாணவருக்கு அரசே ஊதியம் கொடுத்தது! வெறும் வயிற்றோடு வடிவியல் படிக்க முடியாது என்பதை அந்தப் புரட்சியாளர்கள் அறிந்திருந்தனர். எளிய குடும்பத்துப் பிள்ளையான புவாசோன், 1798இல் முதல் மாணவராகத் தேறி அங்கே நுழைந்தார். கணித உலகம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது.

பிறகு வந்தான் நெப்போலியன். 1804இல் கல்லூரியைப் படைக்கட்டுப்பாட்டின்கீழ்க் கொணர்ந்தான். 1805இல், மாணவர் ஆண்டுக்கு 800 பிராங்க் கட்டவேண்டும் என்றான். தேர்வு இருந்தது, கடினமான கேள்விகள் இருந்தன, வாயிலில் உண்டியலும் வந்து உட்கார்ந்துகொண்டது! தேர்வுத்தாளை மாற்றாமலே தேறுவோரை மாற்றிவிடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பெண்களுக்கு அந்தக் கதவு திறக்க 1972 வரை ஆயிற்று. அதுவரை அங்கே பெண்ணுக்குத் தகுதி இல்லையா? நுழைவுதான் இல்லை!

நம் நாட்டுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணை இருந்தது. கல்லூரி இடங்கள் 14 என்றால், பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. மாகாணத்துப் பொறியியல் கல்லூரிகள் நான்கிலும் சேர்த்து இருந்த இடங்களோ 395தான்! அந்தப் பங்கீடு செல்லாதென்று 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15ஆம் பிரிவில் 4ஆம் உட்பிரிவு பிறந்தது. மக்கள் பேசினால் சட்டம் கேட்கும் என்பதற்கு அது சாட்சி.

எனினும் எல்லாக் கதவுகளும் ஒருங்கே திறந்தனவா? 1959இல் சென்னை ஐ.ஐ.டி. எழுந்தது. ஐ.ஐ.டி.களில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு வந்தது 1973இல். பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு வழங்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டம், 2008இல்தான் உச்சநீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். எத்தனை தலைமுறை அந்தச் சுவரைப் பார்த்தபடியே கடந்து சென்றது!

தமிழ்நாட்டில் 1984இல் வந்த பொறியியல் நுழைவுத் தேர்வு, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. ஏன்? பயிற்சி நிலையம் நகரத்தில், மாணவர் கிராமத்தில். ஒருநாள் தேர்வுக்கு ஈராண்டுத் தனிப்பயிற்சி வாங்கக் காசுள்ளவரும் இல்லாதவரும் ஓடுவது ஓட்டப் பந்தயம் ஆகுமா? 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் சட்டமாயிற்று.

"சலுகை கொடுத்தால் தரம் கெடும்" என்பார்கள். கட்டணச் சலுகை எவருடைய விடைத்தாளிலும் மதிப்பெண் சேர்ப்பதில்லையே! உள்ளே சென்றபின் எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே தேர்வு, ஒரே பட்டம். உதவித்தொகை, பசித்தவன் கையிலே விழும் பிச்சையன்று; படிக்கும் பிள்ளைமீது நாடு போடும் முதலீடு.

ஆயினும் தோழர்களே, சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமை தானாக நடந்து குடிசைக்கு வராது. 2016இல் ஐ.ஐ.டி. ஆண்டுக் கல்விக் கட்டணம் ரூ.90,000இலிருந்து ரூ.2 லட்சமாக ஏறியது. அப்போதே, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கும், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் குறைந்த குடும்பத்தாருக்கும் முழு விலக்கு அறிவிக்கப்பட்டது. ஏறிய கட்டணம் எல்லாச் செவிகளையும் எட்டியது. விலக்கு எத்தனை செவிகளை எட்டியது? "ரெண்டு லட்சமா? நமக்கு எதுக்கப்பா?" என்று விண்ணப்பத்தைத் தொடாமலே ஒதுங்கும் பிள்ளையைத் தோற்கடித்தது எந்தத் தேர்வு?

இங்கேதான் உங்கள் பணி இருக்கிறது. கூட்டம் போடுகிறோம், கொடி கட்டுகிறோம். அதோடு இதையும் செய்வோம். உங்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குச் செல்லுங்கள். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று கைக்கு வந்தனவா என்று கேளுங்கள். மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு உண்டா என்று பாருங்கள். விண்ணப்பத்துக்கும், கலந்தாய்வுக்கும், கட்டணத்துக்கும் உரிய கடைசி நாட்களைப் படிப்பகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இணைய வசதி இல்லாத வீட்டுக்குக் கிளையின் கைப்பேசி உதவட்டும். இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகரைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்புங்கள். இடம் கிடைத்தபின், முன்பணம் குறைகிறதென்றால், தவணை நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே ஊர் கூடித் திரட்டுங்கள்.

சேர்த்துவிட்டோம் என்று அதோடு கைகழுவவும் கூடாது. தமிழ் வழியில் படித்த பிள்ளை, முதற்பருவத்தில் ஆங்கில விரிவுரை கேட்டுத் திகைக்கும். அந்த நேரத்தில் அதே கல்லூரியில் மூத்த ஆண்டு படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை தோள்கொடுக்க வேண்டும்.

அனுமதிப் பட்டியலில் ஒரு பெயர் ஏறினால் ஒரு வீடு நிமிரும். ஒரு வீடு நிமிர்ந்தால் அந்தத் தெருவே தலைதூக்கிப் பார்க்கும். தகுதி நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. தவணை தவறாமல் காக்கும் பொறுப்பு நம்மிடம் இருக்கிறது. செல்லுங்கள், செய்யுங்கள்!