டீக்கடையில் வாசித்த பேப்பர்

வாசிப்பு குறைஞ்சிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்னு பாருங்க, ஷிப்ட் முடிஞ்சு வர்ற மில் தொழிலாளிகூட செல்போனில் எதையோ படிச்சுக்கிட்டுத்தான் இருக்கார். குறைஞ்சது வேறொன்று: ஒருத்தர் சத்தமாக வாசிக்க, பத்துப் பேர் கேட்பது.

1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற மாதிரி சின்னச் சின்ன வாக்கியம், பேச்சுக்குப் பக்கத்துத் தமிழ். டீக்கடை பெஞ்சுக்கு வந்ததும் அந்தப் பேப்பர் தாள் தாளாகப் பிரிஞ்சிடும். ஒருத்தர் வாசிக்க ஆரம்பிப்பார். பள்ளிக்கூடமே போகாத, புகையிலை போடுற பெரியவர் ஒருத்தர், "இரு இரு, யாரு அப்படிச் சொன்னது?" என்று மறிப்பார். வாசிக்கிறவர் மறுபடி அந்த வரிக்குப் போகணும். தப்பாக வாசித்தால் பக்கத்து ஆள் எட்டிப் பார்த்துத் திருத்துவார். டீக்குத்தான் காசு, சண்டை இலவசம்.

இன்றைக்கு அதே பெரியவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வருது. கேட்கிறார். மறிக்க எதிரே ஆள் இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரருக்கு வந்திருப்பது வேற செய்தி, அதனால் திருத்தவும் ஆள் இல்லை.

1948 நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுறோம். படிக்கத் தெரியாதவங்களும்தான் கட்டுறாங்க. ஆனா நூலகத்துக்குள்ளே போனால் 'அமைதி காக்கவும்' பலகை. வாரத்தில் ஒரு சாயங்காலம் அந்தப் பலகையைக் கழற்றி வெச்சுட்டு, பேப்பரைச் சத்தமாக வாசிக்க விடுங்களேன்.