கண் உள்ள படகுகளின் ஊர்



'நான் கண்ட ஊர்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் பாதி கண்டு, பாதி காணாமல் திரும்பியிருக்க வேண்டிய ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

சென்ற செப்டம்பரில் ஒரு பயண நிகழ்ச்சிக்காக மால்ட்டா போனோம். தயாரிப்பாளர், ஒளிப்பதிவாளர் தம்பி, நான், ஆக மூன்று பேர்தான். இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே, மத்திய தரைக் கடலில் கிடக்கிறது அந்த நாடு. மொத்தப் பரப்பே 316 சதுர கிலோமீட்டர். நம் பினாங்குத் தீவைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். நம்மைப் போலவே பிரிட்டிஷ்காரர்களிடம் இருந்து, 1964-இல் சுதந்திரம் பெற்ற நாடு. சாலையில் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். நம் வீட்டு மூன்று முனைப் பிளக்கை அங்கே அப்படியே செருகலாம். தொலைக்காட்சிக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது எங்களுக்குத்தான் தெரியும்!

தீவின் தென்கிழக்கே மார்சாஷ்லொக் என்றொரு மீனவர் ஊர். 'மார்சா' என்றால் துறைமுகம். 'ஷ்லொக்' என்பது தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று. 1565-இல் துருக்கியரின் பெரும் கப்பற்படை வந்து நங்கூரமிட்டது இந்த விரிகுடாவில்தான். 1989 டிசம்பர் 2, 3 தேதிகளில் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் சந்தித்துப் பேசியதும் இங்கேதான், ஒரு சோவியத் கப்பலில். அன்று அடித்த புயலில் கப்பல்கள் ஆடிய ஆட்டத்தில் சில கூட்டங்களையே தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

ஆனால் எங்களை இழுத்தது சரித்திரம் அல்ல, படகுகள். லுட்ஸு என்று பெயர். மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை என்று பட்டை பட்டையாக வண்ணம் பூசி, முன்பக்கம் இரண்டு புறமும் ஒவ்வொரு கண் வைத்திருப்பார்கள். புருவத்தோடு நம்மையே பார்ப்பது போல் இருக்கும். ஃபினீசியர் காலத்து வழக்கம் என்றும், கடலில் தீங்கு வராமல் அந்தக் கண் காக்கும் என்றும் சொல்கிறார்கள்.

நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு. கரையெங்கும் சந்தை. மீன் ஒரு பக்கம் இருந்தது, உண்மைதான். மற்றபடி மேசை விரிப்பு, மிட்டாய், காந்தம் ஒட்டிய பொம்மைப் படகு என்று நம் பசார் மாலாம் போலத்தான் கூட்டம். விரிகுடாவின் ஒரு கரையில் டெலிமாரா மின்நிலையம் நிற்கிறது. எதிர்ப்பக்கம் கொள்கலன் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். இரண்டும் படத்தில் விழாதபடி தம்பி கோணம் பார்த்துப் பார்த்து எடுத்தார். மின்நிலையத்துக்காக எரிவாயு சேமித்து வைக்கும் ஒரு பெரிய கப்பலும் அங்கே கட்டி நிற்கிறது. அதையும் ஒதுக்கினோம். 2016-இல் வந்து நின்ற அந்தக் கப்பலை நிறுத்தியது நம் மலேசிய நிறுவனமான புமி அர்மாடாதான் என்று ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கரையில் ஒரு பெரியவர் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "ஐயா, படகில் ஏறி வலை வீசுவது போல் கொஞ்சம் செய்து காட்டுவீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். வெகுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தபோது இதற்கு ஒரு பெயர்கூடச் சொல்லிக் கொடுத்தார்கள். பெயர் எதுவானாலும் அது நடிப்புதான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பின்தி, இந்தப் படகு சுற்றுப்பயணிகளை ஏற்றுகிற படகு. மீன் பிடிப்பதைப் பார்க்க வேண்டுமானால் நாளை விடியுமுன் வா" என்றார்.

'பின்தி' என்றால் மால்ட்டா மொழியில் 'என் மகளே'. மலாய்ப் பெண்களின் பெயருக்கு நடுவே வருகிற அதே பிந்திதான். அவர்கள் மொழி அரபியிலிருந்து கிளைத்தது. கத்தோலிக்கர்களான அவர்கள் கடவுளை 'அல்லா' என்றுதான் சொல்கிறார்கள். புத்தகத்துக்கு 'க்தீப்', உலகத்துக்கு 'தின்யா'. மலாயில் நாம் கிதாப், டுனியா என்கிறோம். அந்த ஒரு சொல்லால்தானோ என்னவோ, தயாரிப்பாளர் முணுமுணுத்தும் நான் திங்கட்கிழமை போவதென்று முடிவு செய்தேன்.

அதிகாலை மூன்றரை மணி. சந்தை நடந்த இடத்தில் ஈரத் தரையும் டீசல் வாடையும்தான். பெரியவர் ஒரு கம்பளிச் சட்டையோடு நின்றார். அவருடைய அண்ணன் மகன் படகில் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார். வெள்ளை ஃபைபர் கண்ணாடிப் படகு, கண் கிடையாது. கூடவே கத்தை கத்தையாகப் பேரீச்ச மர ஓலை. மீன் பிடிக்க ஓலை எதற்கு?

ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முடிய அங்கே லம்பூக்கி மீன் காலம். ஹவாய்க்காரர்கள் மஹி மஹி என்று சொல்கிற அதே மீன். கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலுக்கு அடியில் வந்து கூடும். அதனால் மிதவையில் ஓலையைக் கட்டி, கல்லில் கயிறு கட்டி இறக்கி, கரையிலிருந்து வெகுதூரம் வரிசையாக விட்டு வருகிறார்கள். பிறகு நிழலுக்கு நிழல் போய், சுற்றி வலை போடுவது. எந்தப் படகுக்கு எந்த வரிசை என்பதை ஆண்டுதோறும் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். நல்ல வரிசை விழுந்தால் அந்த ஆண்டு பிழைத்தது. நம் நாட்டு மீனவர்களும் தென்னை ஓலையைக் கட்டி இதே வேலையைச் செய்வார்கள். உஞ்சாங் என்பார்கள். இதைச் சொன்னதும் பெரியவருக்கு அப்படியொரு சிரிப்பு. உடனே வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பசியாற வைத்தார். முந்தின நாள் வைத்த அல்யோட்டா. மீன், பூண்டு, தக்காளி, கொஞ்சம் அரிசி. கஞ்சிக்கும் ரசத்துக்கும் நடுவில் ஒன்று. இன்னும் நாக்கில் இருக்கிறது.

விடிந்த பிறகு கரைக்குத் திரும்பினோம். வரிசையாக நின்ற லுட்ஸுகளில் ஒன்றைக் காட்டினார். படகின் முகப்பில், கண்ணுக்குப் பக்கத்தில் மீசை போல் வளைந்த ஒரு பகுதி உண்டு. அதை முஸ்டாச் என்றே சொல்கிறார்கள். மற்றப் படகுகளில் அது பளிச்சென்று வண்ணத்தில் இருந்தது. அந்தப் படகில் மட்டும் கறுப்பு.

"வீட்டில் சாவு விழுந்தால் கறுப்படிப்போம். இது என் அண்ணனுடையது. ஜூலையில் போய்விட்டார். நாற்பது வருஷம் இந்தப் படகில்தான் லம்பூக்கிக்குப் போனார். விற்கச் சொல்லி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பையன் விற்கமாட்டேன் என்கிறான். வண்ணம் பூசவும் மாட்டேன் என்கிறான்."

நான் ஒன்றும் பேசவில்லை. பேச முடியவில்லை. ஏனென்றால் அந்தப் படகை நான் முதல் நாளே பார்த்திருந்தேன்.

நிகழ்ச்சி ஒளியேறியது. இருட்டாக இருக்கிறது என்று திங்கட்கிழமை எடுத்ததில் நாற்பது விநாடிதான் வைத்தார்கள். மீதி எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் எடுத்த வண்ணப் படகுகள். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். எந்தப் பயண நிறுவனத்தில் போனீர்கள் என்று கேட்டார்கள். அந்த வரிசையில் ஒரு படகு மட்டும் இல்லை என்பது யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒளிப்பதிவாளரிடம், "தம்பி, அந்தக் கறுப்பு அடித்தது வேண்டாம், களையாக இல்லை, கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள்" என்று சொன்னது நான்தான்.