கொள்கலனில் ஏறும் செயலி

வெள்ளிவிழா மேடையில் கணிப்பொறியைப் பற்றிப் பேசப் பணித்திருக்கின்றீர்கள். நான் துறைமுகத்திலிருந்து தொடங்குகின்றேன். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கரின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல், 58 பெரும் பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. சென்னைத் துறைமுகத்திற்குக் கொள்கலன் முனையம் 1983இல் வந்தது. முதுகொடிய மூட்டை சுமந்தோரில் நம்மவர் எத்தனை பேர்! சுமை குறைந்தது, சுமப்போர்க்கு வேலையும் குறைந்தது. பாரந்தூக்கியை இயக்கக் கற்றவனையே புதிய துறைமுகம் அழைத்தது.

அந்தப் பெட்டியின் கருத்தே இன்று கணிப்பொறிக்குள் வந்திருக்கின்றது. 2013இல் சாலமன் ஹைக்ஸ் அறிமுகப்படுத்திய மென்பொருளின் பெயர் 'டாக்கர்'. அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் துறைமுகத் தொழிலாளி என்பது பொருள்.

நம் கழகம் உதவித்தொகை விண்ணப்பங்களைப் பெற ஓர் இணையச் செயலி அமைப்பதாகக் கொள்வோம். பைத்தானில் எழுதியாயிற்று, எழுதியவனின் கணிப்பொறியில் ஓடுகிறது, வழங்கியில் ஏற்றினால் ஓடவில்லை. ஏன்? இங்கே பைத்தானின் ஒரு பதிப்பு, அங்கே வேறொன்று. கொள்கலனோ செயலியையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் ஒன்றாகக் கட்டிவிடுகின்றது. தனி இயக்க முறைமையை அது சுமப்பதில்லை. லினக்ஸின் கருவைப் பகிர்ந்துகொள்கின்றது. ஆதலின் எளிய கணிப்பொறியிலும் ஓடும். டாக்கரின் அடிப்படை இயந்திரம் திறந்த மூல மென்பொருள், அதற்கு விலையில்லை.

கட்டும் முறை 'டாக்கர்ஃபைல்' என்னும் சிறு கோப்பில் எழுதப்படுகின்றது. அதன்படி உருவாவது படிமம். படிமம் ஓடும்போது கொள்கலன். கட்டளைக்கு ஓர் அடுக்காகப் படிமம் எழுகின்றது. ஓர் அடுக்கு மாறினால் அதற்குப் பின்வருவன யாவும் மீண்டும் கட்டப்பெறும். எனவே நூலகங்களின் பட்டியலை முதலில் படியெடுத்து, அவற்றை நிறுவி, அதன் பின்னரே நிரலைப் படியெடுத்தல் வேண்டும். வரிசையை மாற்றினால் ஒரு காற்புள்ளியைத் திருத்தியதற்கும் நூலகங்கள் அனைத்தும் மறுபடி இறங்கும். கைப்பேசியின் இணைய அளவை எண்ணி எண்ணிச் செலவிடும் நம் பிள்ளைகளுக்கு இது சிறிய செய்தியன்று.

செயலி ஒரு கொள்கலன், 'போஸ்ட்கிரெஸ்' தரவுத்தளம் மற்றொன்று. இரண்டையும் 'கம்போஸ்' கோப்பில் எழுதிவைத்தால் ஒரே கட்டளையில் எழும். செயலி தரவுத்தளத்தை, அக்கோப்பில் அதற்கு இட்ட பெயராலேயே அழைக்க வேண்டும். 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் அது தன்னைத்தானே அழைத்துக்கொண்டு நிற்கும். புதியவர் தடுமாறும் இடம் இது. எழுதிப் பழகும்போது நிரல் இருக்கும் கோப்புறையைக் கொள்கலனோடு இணைத்துக்கொள்ளலாம். வழங்கியிலோ, நிரலை உள்ளடக்கிய படிமமே செல்ல வேண்டும்.

நிற்க. நிரல் எழுதவும் பிழை பார்க்கவும் நம் இளைஞரை அமர்த்துகின்றார்கள். வழங்கியின் திறவுகோலை எத்தனை பேரிடம் ஒப்படைக்கின்றார்கள்? இந்த வேலையை முழுமையாகக் கற்றவனிடம் அதனை மறுப்பது கடினம்.

திறவுகோல் பெற்றவனுக்குக் கடமையும் உண்டு. அந்தத் தரவுத்தளத்தில் இருப்பவை நம் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ்களும் வருமான விவரங்களும். கடவுச்சொல்லைப் படிமத்திற்குள் எழுதாதீர். படிமத்தைப் பெற்றவர் எவரும் அதனைத் தோண்டியெடுக்கலாம். ஓடும்போது வெளியிலிருந்து கொடுங்கள். தரவுத்தளத்தின் வாயிலை வெளியுலகுக்குத் திறக்காதீர். கொள்கலனை அகற்றினால் அதற்குள் எழுதியதும் அழியும். ஆகவே தரவு, 'வால்யூம்' என்னும் தனிச் சேமிப்பில் இருக்கட்டும். 'கம்போஸ் டவுன்' கட்டளையோடு 'வி' என்னும் குறியைச் சேர்த்தால் அச்சேமிப்பும் போய்விடும். நாள்தோறும் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதனை மற்றொரு கணிப்பொறியில் ஏற்றி, விண்ணப்பங்கள் உள்ளனவா என்று திறந்து பாருங்கள்.