பொண்ணு என்ன வேலை பார்க்குது?

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, "ஆசைப்பட்டுப் படிச்சா அரை வயிறு, வேலைவாய்ப்பைப் பார்த்துப் படிச்சா முழு வயிறு" என்று அழகாகச் சொன்னார். அதோடு விட்டாரா? "டிவியில துப்பறியும் தொடரைப் பார்த்துட்டு, தடய அறிவியல்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குற பொண்ணுங்க இருக்காங்க. அந்த வேலை எங்கே இருக்கு, காட்டுங்க பார்ப்போம்" என்றும் கேட்டார். தம்பி, நான் காட்டறேன். அந்தப் பொண்ணைப் பெத்தவளே நான்தான்! (சிரிப்பு, கைதட்டல்)

அந்த வேலை மயிலாப்பூரில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் தடய அறிவியல் துறை. நேத்து முளைச்சதில்லை ஐயா, 1849லேயே சென்னை மாகாணத்தில் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் என்று ஆரம்பித்ததன் தொடர்ச்சி அது. மதுரை, கோவை, நெல்லை என்று வெளியூர்களிலும் ஆய்வகங்கள் உண்டு.

அங்கே என்ன நடக்கிறது? தொடரில் வருகிற மாதிரி கறுப்புக் கண்ணாடி, வேகமான கார் எல்லாம் கிடையாது. ஒரு பாட்டில் வரும். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளை உப்புக் கரைசலில் போட்டு அனுப்பியிருப்பார். மூடியில் அரக்கு முத்திரை. முதல் வேலை திறப்பது இல்லை. முத்திரை உடைந்திருக்கிறதா, கடிதத்தோடு வந்த மாதிரி முத்திரையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. அதில் கோட்டை விட்டால், பின்னால் கோர்ட்டில் வக்கீல் அந்த ஓட்டை வழியாகவே வழக்கை வெளியே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அப்புறம்தான் திறக்கணும். அந்த வாசனையை இந்தக் குடும்ப மேடையில் நான் வர்ணிக்கப் போவதில்லை! (சிரிப்பு)

என் பொண்ணு நேராக அங்கே போய்விடவில்லை. பட்டப்படிப்பில் சேரும்போதே, பழைய அரசு அறிவிப்பில் என்ன தகுதி கேட்டிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தாள். அதனால் வேதியியல் எடுத்து முதுகலை வரைக்கும் போனாள். படிப்புக்குப் பளபளன்னு பேர் வச்சிருக்கேன்னு சொல்லி லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கிற இடங்களுக்குப் போகிற பெற்றோர்களே, பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த அறிவிப்பை ஒரு தடவை படிங்க. ஆசைன்னா கண்ணை மூடிக்கிட்டுக் கிணத்துல குதிக்கிறதுன்னு எதிரணி நினைச்சுக்கிட்டிருக்கு. ஆசைப்பட்டவள்தான் ஐயா ஆழம் பார்த்தாள்!

தேர்வாணைய அறிவிப்பு வருஷா வருஷம் வராது. அதையும் ஒத்துக்கறேன். நாலு வருஷம் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். அங்கே கேஸ் குரோமட்டோகிராஃபி என்று ஒரு எந்திரம். ஒரு கலவைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும். அதே வகை எந்திரம்தான் தடய ஆய்வகத்திலும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியானார்களே, அதில் கலந்திருந்தது மெத்தனால். மனுஷன் மூக்கை நம்பி அதைத் தீர்மானிக்க முடியுமா? எந்திரம்தான் சொல்லணும். அதை ஓட்டத் தெரிந்த கை வேணும்.

இந்த நாலு வருஷத்தில் சொந்தக்காரர்கள் என்னைக் கேட்காத கேள்வி இல்லை. அவளும் அசரவில்லை, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் படிப்பு. வேலைவாய்ப்பை மட்டும் கணக்குப் போட்டு வந்த பிள்ளையாக இருந்தால், முதல் வருஷமே "போதும்டா சாமி"ன்னு வேற பக்கம் போயிருக்கும். தேர்வு வந்தது, எழுதினாள், கிடைத்தது. உடனே பொண்ணு பார்க்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அத்தை, "பொண்ணு என்ன வேலை பார்க்குது?" என்றார். இவள் ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். அந்த அம்மா கையில் எடுத்த பஜ்ஜியை அப்படியே தட்டில் வைத்துவிட்டார்! (பலத்த சிரிப்பு) சம்பந்தம் நின்றுபோச்சு.

நான் அன்றைக்கு அழுதேன். அவள் அழவில்லை. "அம்மா, பாட்டில்மேல ஒரு நம்பர்தான் இருக்கும். ஆனா அதுக்குப் பின்னால ஒரு வீடு இருக்கு. பொண்ணு தானா மருந்து குடிச்சாளா, யாராவது கொடுத்தாங்களான்னு தெரியாம ஒரு அப்பா உட்கார்ந்திருப்பார். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் டாக்டராலயும் காரணத்தை உறுதியாச் சொல்ல முடியாது. நான் அதைச் சீக்கிரம் முடிச்சுக் கொடுத்தா அந்த வீட்டுக்கு ஒரு பதில் கிடைக்கும்" என்றாள். (நீண்ட கைதட்டல்)

எதிரணித் தம்பிக்கு ஒரு செய்தி. 2024 ஜூலை 1ல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்தது. ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் என்றால், தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வரணும் என்கிறது அது. அதற்கு ஏற்பாடு செய்துகொள்ள மாநிலங்களுக்கு ஐந்து வருஷ அவகாசம். அப்போ ஆள் வேணுமா, வேண்டாமா? கைரேகைப் பிரிவுக்குத் தனியாக, சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமாக உதவி ஆய்வாளர்களை எடுத்திருக்கிறார்கள். அறிவியல் பட்டதாரிகளுக்கு அதுவும் ஒரு வாசல்.

மணி அடிச்சிட்டீங்க நடுவரே. ஒரே ஒரு நிமிஷம். போன தை மாதம் வேறொரு இடம் வந்தது. மாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி, "முத்திரை உடைஞ்சு வந்தா என்ன செய்வீங்க?" இரண்டு பேரும் ஒரு மணி நேரம் அதையே பேசினார்கள். பஜ்ஜி ஆறிப்போச்சு, ஆனால் தட்டு காலி! (சிரிப்பு, கைதட்டல்)