சேமிப்பே தவணையாகும் வழி

தென் தமிழகத்தில் நாகலாபுரத்தைச் சுற்றிய கரிசல் பூமியில் வெயிலுக்கும் காற்றுக்கும் குறைவில்லை என்பதற்குக் கயத்தாற்றுக் காற்றாலைச் சோதனை நிலையமும், 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் திறனுடன் அமைந்த சூரிய மின் நிலையமும் சான்று. ஆயினும் கோவில்பட்டி போன்ற ஊர்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மின்செலவைக் குறைக்க முதல் போடுவது யார் என்று கேட்டால், உரிமையாளரும் வாடகைதாரரும் ஒருவரையொருவர் கைகாட்டுகின்றனர்.

இதற்கு 2014-இல் புதுச்சேரி ஒரு வழி காட்டியது. எரிசக்தித் திறன் சேவை நிறுவனம் என்னும் பொதுத்துறைக் கூட்டு நிறுவனம் தன் பணத்தில் எல்.இ.டி. பல்புகளை வாங்கி, வீடுகளுக்கு ஒன்று 10 ரூபாய்க்குத் தர, மின் கொள்முதலில் மிச்சமான தொகையிலிருந்து மின்துறை அந்த முதலீட்டைத் தவணைகளாகத் திருப்பிக் கொடுத்தது. நாடு முழுமைக்கும் மொத்தமாக வாங்கத் தொடங்கியபின், 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாக இறங்கியது.

ஆனால் குடியிருப்போரே தம் மின்சேமிப்பிலிருந்து தவணை கட்டும் முறை எல்லா இணைப்புக்கும் பொருந்தாது. தமிழகத்தில் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், அதற்குள் அடங்கும் சிறு வீட்டில் மின்சாரம் மிஞ்சினாலும் தவணை கட்டப் பணம் மிஞ்சாது. அங்கே மானியமே வழி. படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார், லிஃப்ட் ஆகியவற்றுக்கான பொது இணைப்பின் நிலை வேறு. 2022-இல் அதற்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் விதிக்கப்பட்டது. பத்து வீடுகளுக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத, மூன்று தளங்களுக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு மட்டும் 2023-இல் 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. 2023-இன் இந்தக் குறைந்த கட்டணப்படி கணக்கிட்டாலும், இரவு 12 மணி நேரம் எரியும் பத்து 40 வாட் குழல்விளக்குகளை 20 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால் மாதம் 72 யூனிட், அதாவது 396 ரூபாய் மிஞ்சும். விளக்கு ஒன்று 250 ரூபாய் என்று கொண்டால், போட்ட முதல் ஏழாம் மாதத்துக்குள் திரும்பிவிடும்.

மொட்டைமாடிச் சூரியத் தகடுகளுக்குப் பெருமுதல் தேவை. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் அளிக்கிறது. மீதியைப் பராமரிப்பு நிதியிலிருந்தோ கடனாகவோ திரட்ட, பதிவு பெற்ற சங்கமும் அதன் பெயரில் வங்கிக் கணக்கும் கூட்டத் தீர்மானமும் முதலில் வேண்டும். பல குடியிருப்புகள் தடுமாறுவது பணத்தில் அன்று, இந்த ஒழுங்கில்தான். ஆகவே அடுக்குமாடிகளில் வாழும் நேயர்கள், அத்தகைய தீர்மானத்துக்குக் கணக்குப் பார்க்க, அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் பொது இணைப்பின் ஓராண்டு மின்கட்டண ரசீதுகளை எடுத்துச் செல்ல வேண்டும்.